நான்காவது கதவின் கீழ்ப்பகுதி: ஸ்பிரே கன்னுக்கு ரெகுலேட்டர் தேடிய அனுபவம்

நேற்று நான்காவது கதவும் காய்ந்துவிட்டது. ட்யூப்லைட்டைக் கையில் பிடித்துக் கதவின் பக்கவாட்டில் மெதுவாக நகர்த்திப் பார்த்தேன். பெயின்ட்டின் மேல் விழுந்த வெளிச்சக் கோடு மேல் ஓரத்திலிருந்து கீழ் ஓரம் வரை எங்கேயும் உடையாமல், நெளியாமல் போனது. இந்த ஒரு கதவை மட்டும் மூன்று முறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப அடித்திருக்கிறேன். மூன்று முறையும் கோளாறு காற்றில்தான் இருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், காற்றை அளந்து கொடுக்கும் ரெகுலேட்டரை நான் தேர்ந்தெடுத்த விதத்தில் இருந்தது. நடந்ததை அதே வரிசையில் எழுதி வைக்கிறேன்.

முதலில் என்னிடம் இருந்தவை. இரும்புத் தகடு அலமாரிக் கதவுகள் நான்கு, ஒவ்வொன்றும் 180 செ.மீ. உயரம், 45 செ.மீ. அகலம். தட்டையான பரப்பு என்பதால் சின்னக் குறைகூடக் கண்ணில் படும். கம்ப்ரசர் 2 எச்.பி., டேங்க் 50 லிட்டர். 8 பாரில் (பார் என்பது காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) நிற்கும், 6 பாருக்கு இறங்கினால் மறுபடி ஓடத் தொடங்கும். கன் எச்.வி.எல்.பி. வகை, அதாவது நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் ஊதுவது; 1.4 மி.மீ. நாசில். அதன் கையேட்டில், கைப்பிடிக்குள் நுழையும் காற்று 2 பார், அதாவது பி.எஸ்.ஐ. என்ற இன்னொரு அழுத்த அலகில் சுமார் 29, இருக்க வேண்டும் என்றும், நிமிடத்துக்கு 240 லிட்டர் காற்று தேவை என்றும் போட்டிருந்தது. ஹோஸ் 8 மீட்டர், உள்விட்டம் 6 மி.மீ. ரெகுலேட்டர் என்று தனியாக எதுவும் இல்லை. கம்ப்ரசரின் தலையிலேயே ஒரு குமிழும் கேஜும் இருந்தன. அதுவே போதும் என்று நினைத்தேன்.

குமிழைத் திருகி முள்ளை 2 பாரில் நிறுத்தினேன். எனாமலைக் கலக்கி முதல் கதவை அடித்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பரப்பு முழுக்க ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக மேடும் பள்ளமும். பெயின்ட் கெட்டியாக இருக்கிறது போல என்று தின்னரைக் கூட்டினேன். அடுத்த கதவில் தோல் கொஞ்சம் குறைந்தது, ஆனால் கீழ் ஓரத்தில் பெயின்ட் வழிந்து திரைச்சீலை மாதிரி மடிந்து நின்றது. இன்னும் கொஞ்சம் தின்னர், இன்னும் கொஞ்சம் வழிசல். ஒரு நாள் முழுக்க இப்படிப் போனது. காற்றைச் சந்தேகிக்கவே இல்லை. முள்தான் 2 பாரில் நிற்கிறதே!

மறுநாள் ஒரு சின்ன கேஜ் வாங்கி, T வடிவக் கால் இஞ்சு இணைப்பில் மாட்டி, கன்னின் கைப்பிடிக்கு அடியில் பொருத்தினேன். பெயின்ட் வேண்டாம், வெறும் காற்று போதும். பெரும்பாலான கன்களில் ட்ரிக்கரைப் பாதி இழுத்தால் காற்று மட்டும் வரும், முழுக்க இழுத்தால்தான் ஊசி பின்வாங்கிப் பெயின்ட் வரும். பெயின்ட் விசிறிபோல் விரிந்து விழும் அகலத்தைக் கூட்டும் விசிறித் திருகை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு ட்ரிக்கரைப் பாதி இழுத்தேன். கையில் இருந்த கேஜின் முள் 2-லிருந்து சரசரவென்று இறங்கி 1.1-இல் நின்றது. ட்ரிக்கரை விட்டேன், 2-க்கு ஏறியது. இழுத்தேன், 1.1. பத்துத் தடவையாவது இப்படிச் செய்து பார்த்திருப்பேன். கையேடு கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கன்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு குறைந்த காற்றில் பெயின்ட் பொடித்துளியாக உடையாது, பெரிய பெரிய துளியாகத்தான் போய் விழும்.

மீதி 0.9 பார் எங்கே போகிறது? கன்னைப் பிடிக்க ஓர் ஆளை நிறுத்திவிட்டுக் கம்ப்ரசர் பக்கம் போய்ப் பார்த்தேன். காற்று ஓடும்போது கம்ப்ரசரின் கேஜே 1.7-க்கு இறங்கிவிடுகிறது. அந்த 0.3 பாரைத் தின்றது ரெகுலேட்டர். மீதி 0.6 ஹோஸிலும், அதன் இரு முனையையும் இணைக்கும் இரண்டு கப்ளரிலும் போகிறது. ரெகுலேட்டருக்குள் ஒரு ஸ்பிரிங், ஒரு டயாபிரம் (அழுத்தத்துக்கு வளைந்து கொடுக்கும் சவ்வு), அடியில் ஒரு சின்ன வால்வு. கன் அதிகக் காற்றைக் கேட்டால் வால்வு கூடுதலாகத் திறக்க வேண்டும். திறக்க வேண்டுமானால் டயாபிரமுக்கு அடியில் அழுத்தம் குறைந்தாக வேண்டும். ஆகவே எந்த ரெகுலேட்டராக இருந்தாலும் காற்று ஓடத் தொடங்கினால் முள் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். நல்லதில் கொஞ்சம் இறங்கும், சின்னதில் நிறைய இறங்கும்.

சரி, குமிழைக் கூட்டி வைத்தால் என்ன? வைத்தேன். கன் ஓடும்போது 2 பார் கிடைக்கக் கம்ப்ரசரில் 3.4 வைக்க வேண்டியிருந்தது. தோல் போய்விட்டது. ஆனால் ட்ரிக்கரை விட்ட நிலையில் ஹோஸ் முழுக்க 3.4 பாரில் காற்று அடைந்து நிற்கிறது. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் முதல் நொடியில் அது புஸ்ஸென்று வெளியேறி, கதவின் ஓரத்தில் பெயின்ட்டை உலர்ந்த தூசியாக அடித்தது. விரலால் தடவினால் மணல்போல் சொரசொரப்பு. ஒரு கதவுக்குப் பதினெட்டு வரிசை அடித்தால் பதினெட்டு ஓரமும் இப்படி.

இந்த இடத்தில்தான் தவறான பொருளை வாங்கினேன். கன்னின் அடியில் மாட்டும் சின்ன கேஜும் திருகும் சேர்ந்த ஒன்று. பெட்டியில் ரெகுலேட்டர் என்றே எழுதியிருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஸ்பிரிங்கும் இல்லை, டயாபிரமும் இல்லை. கூர்முனைத் திருகு ஒன்று காற்றின் வழியைக் குறுக்குகிறது, அவ்வளவுதான். வீட்டுக் குழாயைப் பாதி திறந்து வைப்பது மாதிரி. ட்ரிக்கரை விட்டதும் முள் ஹோஸின் முழு அழுத்தத்துக்கு ஏறிவிடும். டேங்க் இறங்க இறங்க கன்னுக்குப் போவதும் அதோடு இறங்கும். கன்னுக்குப் போவதைப் பார்க்க அதிலுள்ள கேஜ் உதவும், அழுத்தத்தை நிலையாக வைக்க அது உதவாது. வாங்கும்போது தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. திருகுக்கு மேலே வட்டமான மூடியும், அதற்குள் ஸ்பிரிங்கும் டயாபிரமும் இருக்கும் அளவுக்கு உடல் பருமனும் இருந்தால் அது ரெகுலேட்டர். விரல் பருமனில் நேர்க்குழாயாக இருந்தால் பெரும்பாலும் வெறும் வால்வு.

அடுத்து எதிர்த் திசையில் போனேன். நண்பர் ஒருவர் தன் பட்டறையில் சும்மா கிடந்த, அரை இஞ்சு துளை உள்ள ரெகுலேட்டரையும் அதோடு ஒரு நீள ஹோஸையும் கொடுத்தார். பெரியது, கனமானது. காற்று எவ்வளவு ஓடினாலும் முள் லேசாகத்தான் அசைந்தது. அந்த வகையில் அது அருமையான சாமான். தொல்லை வேறு இரண்டு இடத்தில் வந்தது.

முதலாவது, அதன் கேஜ். முகப்பில் 0 முதல் 12 பார் வரை, ஓரத்தில் 2.5 என்று தர எண். முழு அளவில் 2.5 சதவீதம் வரை தவறலாம் என்று அதற்குப் பொருள். 12 பாரில் 2.5 சதவீதம் என்றால் 0.3 பார். முள் 2 காட்டும்போது உண்மையில் 1.7-ஆகவும் இருக்கலாம், 2.3-ஆகவும் இருக்கலாம். எச்.வி.எல்.பி. கன்னில் இந்த வித்தியாசம் பரப்பில் தெரியும், ஏனென்றால் அந்த வகைக் கன்னின் ஏர் கேப்பில் (நாசிலைச் சுற்றிக் காற்றை வெளியேற்றும் மூடியில்) இருக்க வேண்டியதே அதிகபட்சம் 0.7 பார்தான். குமிழும் அப்படித்தான். அதன் ஸ்பிரிங் பெரிய அழுத்தத்துக்கானது; முதல் ஒன்றரைச் சுற்றிலேயே 2 பார் வந்துவிடும். மயிரிழை திருகினால் முள் தாவியது.

இரண்டாவது தொல்லை எண்ணெய். அந்த ஹோஸ் அதற்கு முன் காற்றில் ஓடி நட்டுகளைக் கழற்றும் இம்பேக்ட் ரெஞ்சுக்கு ஓடியிருக்கிறது. அத்தகைய கருவிக்குக் காற்றோடு எண்ணெய்த் துளி கலந்து அனுப்ப ஒரு கிண்ணம் மாட்டுவார்கள். கிண்ணத்தைக் கழற்றிவிட்டேன், ஆனால் ஹோஸின் உள்சுவரில் ஊறிய எண்ணெயை நினைக்கவில்லை. ஈரப் பெயின்ட்டில் மிளகு அளவில் வட்ட வட்டமாகக் குழி விழுந்தது. குழியின் நடுவில் பழைய பிரைமர் தெரிந்தது. ஃபிஷ் ஐ என்று சொல்வது இதைத்தான். பெயின்ட்டுக்கென்று தனி ஹோஸ் வைத்துக்கொள்வதும், ஃபில்டர், ரெகுலேட்டர், எண்ணெய்க் கிண்ணம் மூன்றும் சேர்ந்த செட்டைப் பெயின்ட் பக்கம் கொண்டுவராமல் இருப்பதும் இங்கே கட்டாயம். ஹோஸின் உள்ளே ஏறிய எண்ணெயைக் கழுவி எடுக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம், நான் அரை நாள் வீணாக்கினேன்.

இவ்வளவுக்குப் பிறகுதான் உட்கார்ந்து, எனக்கு என்ன வேண்டும் என்று தாளில் எழுதினேன். கன் கேட்பது 2 பாரில் நிமிடத்துக்கு 240 லிட்டர். ரெகுலேட்டர் பெட்டிகளில் 1,500, 2,000 லிட்டர் என்று பெரிய எண் போட்டிருப்பார்கள். அது உள்ளே வரும் அழுத்தம் நன்றாக இருந்து, வெளியே போகும் அழுத்தம் கணிசமாக விழுந்தாலும் பரவாயில்லை என்ற நிலையில் ஓடும் காற்று. எனக்குத் தேவை வேறு எண்: வெளியே 2 பார் வைத்து 240 லிட்டர் ஓடினால் முள் எவ்வளவு இறங்கும்? தயாரிப்பாளரின் விவரத் தாளில் ஒரு வளைகோட்டுப் படம் இருக்கும். கீழ்க்கோட்டில் காற்றின் ஓட்டம், பக்கக் கோட்டில் வெளி அழுத்தம். 2 பாருக்குப் பக்கத்தில் தொடங்கும் கோட்டை எடுத்து 240 வரை விரலை நகர்த்தினால் விடை கிடைத்துவிடும். அந்தப் படமே தராத ரெகுலேட்டரைப் பெயின்ட்டுக்கு நான் இனி வாங்க மாட்டேன்.

கடைசியில் எடுத்தது 3/8 இஞ்சு துளை உள்ள ஃபில்டர் ரெகுலேட்டர். ஃபில்டர் 5 மைக்ரான். ஸ்பிரிங் 0 முதல் 4 பார் வரைக்குமானது. கேஜும் 0 முதல் 4 பார், அதே 2.5 தரம்தான், ஆனால் இங்கே தவறு 0.1 பாருக்குள் அடங்கும், 2 பார் முகப்பின் சரியான நடுவில் வரும். இன்னொன்றும் பார்த்து வாங்கினேன். குமிழைக் குறைத்தால் தேங்கிய காற்றைத் தானே வெளியேற்றும் வகை அது. கன் மூடியிருக்கும்போது குமிழைப் பின்னால் திருகினால் லேசாக உஸ்ஸென்று சத்தம் வந்து முள் இறங்கும். அந்த வசதி இல்லாததில் குமிழைக் குறைத்தாலும் முள் பழைய இடத்திலேயே நிற்கும், ட்ரிக்கரை இழுத்த பிறகுதான் இறங்கும். வேலையின் நடுவில் அதை நம்பி ஏமாறுவது எளிது.

எங்கே மாட்டுவது என்பதில் யோசனை மாறியது. ரெகுலேட்டருக்கு முன்னால் அழுத்தம் கொஞ்சம் குறைந்தால் அது சமாளித்துக்கொள்ளும். அதற்குப் பின்னால் குறைவதை யாரும் ஈடுகட்ட முடியாது. ஆகவே நீள ஹோஸ் முன்னால், குட்டை ஹோஸ் பின்னால். டேங்கைக் காலி செய்துவிட்டு, கம்ப்ரசரின் சொந்த ரெகுலேட்டருக்கு முன்னாலிருந்தே, காற்றைத் திறந்து மூட ஒரு பந்து வால்வு (ball valve) வைத்துக் காற்றை எடுத்தேன். அங்கிருந்து 10 மி.மீ. உள்விட்டம் உள்ள 8 மீட்டர் ஹோஸ், சுவரில் புது ஃபில்டர் ரெகுலேட்டர், அதிலிருந்து அதே விட்டத்தில் 4 மீட்டர் ஹோஸ் கன்னுக்கு. முன்னால் உள்ள ஹோஸில் டேங்கின் முழு 8 பாரும் நிற்கும். ஹோஸின் மேல் அச்சிட்ட அழுத்த அளவு அதைவிடத் தாராளமாக இருக்கிறதா என்று பார்த்தே மாட்ட வேண்டும். கம்ப்ரசரிலிருந்து தள்ளி மாட்டியதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. கம்ப்ரசரை விட்டு வரும் காற்று சூடாக இருக்கும், ஈரம் ஆவியாகவே ஃபில்டரைக் கடந்து போய்விடும். 8 மீட்டர் கடந்து ஆறிய பிறகு ஃபில்டருக்கு வந்தால் தண்ணீர் அதன் அடியில் உள்ள கிண்ணத்தில் தங்குகிறது. முதல் நாளிலேயே கிண்ணத்தின் அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர் இருந்தது. முன்பு அதெல்லாம் பெயின்ட்டோடு போயிருக்கிறது.

மாட்டும்போது கவனித்த சின்ன விஷயங்கள்: உடலில் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையில் இருக்க வேண்டும். டெஃப்லான் டேப்பை மரையின் முதல் சுற்றை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். நுனியில் சுற்றினால் கிழிந்த இழை உள்ளே போய் வால்வின் இருக்கையில் மாட்டிக்கொள்ளும், அப்புறம் ரெகுலேட்டர் மூடவே மூடாது. எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்ததில் ஒரு கப்ளரில் குமிழி வந்தது, கழற்றி மறுபடி மாட்டினேன்.

கிண்ணம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெயின்ட் பட்ட கையோடு தொட்டதால் கறை படிந்தது. பக்கத்தில் கிடந்த தின்னர்த் துணியால் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிபோல் தெளிவாக இருந்த கிண்ணத்தில், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மட்டும் தெரிகிற அளவில், சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் ஓடியிருந்தன. அது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக், தின்னர் பட்டால் விரிசல் விடும். உள்ளே 8 பார் காற்று நிற்கிற பாத்திரம் அது. உடனே காற்றை மூடி, கிண்ணத்தைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டு உலோகக் கிண்ணம் வாங்கி மாட்டினேன். பிளாஸ்டிக் கிண்ணம்தான் கிடைக்கிறது என்றால் அதற்கு வெளியே உலோகக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள், சோப்புத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள்.

இனி அளவு வைப்பது. விசிறித் திருகு முழுக்கத் திறப்பு, ட்ரிக்கர் பாதி இழுப்பு, கண் கைப்பிடி கேஜில். சுவரில் உள்ள குமிழைக் கீழிருந்து மேலே கொண்டுவந்தேன். மேலிருந்து இறக்கி வைத்தால் உள்ளே உராய்வில் ஸ்பிரிங் சற்று ஒட்டி நின்று பிறகு நகர்ந்துவிடுகிறது. கூடிப் போனால் நன்றாகக் குறைத்துவிட்டு மறுபடி ஏற்றி வருவதே சரி. கன்னில் 2.0 வந்தபோது சுவரில் 2.3. ட்ரிக்கரை விட்டால் இரண்டும் 2.6. முன்பு 3.4-லிருந்து 2-க்கு விழுந்தது, இப்போது 2.6-லிருந்து 2-க்கு. கதவோரச் சொரசொரப்பு நின்றுவிட்டது, ட்ரிக்கரைக் கதவுக்கு வெளியே திறந்து உள்ளே கொண்டுவந்தால் மிச்சம் மீதியும் இல்லை.

நான்கு கதவையும் வரிசையாக நிறுத்தி அடித்தேன். மூன்று பளபளவென்று வந்தன. நான்காவதின் கீழ் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மறுபடி ஆரஞ்சுத் தோல்.

இதற்கு ரெகுலேட்டரைக் குறை சொல்ல முடியாது. கம்ப்ரசர் எவ்வளவு காற்று தருகிறது என்று அன்றுதான் முதல்முறை அளந்தேன். டேங்க் 3 பாரிலிருந்து 8 பாருக்கு ஏற 2 நிமிடம் 5 விநாடி ஆனது. 50 லிட்டர் டேங்கில் 5 பார் கூடினால் 250 லிட்டர் காற்று; ஆக நிமிடத்துக்கு 120 லிட்டர். மேலே ஒட்டியிருந்த தாளில் போட்டது 210. அது பிஸ்டன் உறிஞ்சும் கணக்கு, வெளியே கிடைப்பது அதைவிடக் குறைவு. கன் 240 கேட்கிறது. 8-லிருந்து 6 வரை மோட்டார் ஓடாது; அந்த 100 லிட்டர் 25 விநாடியில் தீரும். பிறகு 6-லிருந்து 3 வரை 150 லிட்டர், நிமிடத்துக்கு 120 வீதம் குறைந்தால் 75 விநாடி. மொத்தம் 100 விநாடி. ஒரு கதவுக்கு ட்ரிக்கர் திறந்திருப்பது 27 விநாடி அளவு. மூன்று கதவுக்கு 81, மிச்சம் 19 விநாடி. நான்காவது கதவில் மேலிருந்து இறங்கி வந்தால் அந்த 19 விநாடி முடிகிற இடம் கீழ் மூன்றில் ஒரு பங்குதான். ரெகுலேட்டருக்குள் வரும் காற்றே 3 பாருக்குக் கீழே போனால், அது 2.3 கொடுக்கத் திணறும்.

அதனால் வேலை முறையை மாற்றினேன். இரண்டு கதவு, பிறகு டேங்க் 8 பாருக்கு ஏறும் வரை நிறுத்தம், அப்புறம் அடுத்த இரண்டு. டேங்க் கேஜ் 4-ஐத் தொட்டால் அந்த வரிசையை முடித்துவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். நேற்று அடித்தது இப்படித்தான். முகத்தில் கரிமக் கரைப்பான் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க்; தூசிக்கான துணி மாஸ்க் இதற்கு ஆகாது.

அடுத்த முறை முதலில் ஹோஸையும் கப்ளரையும் மாற்றுவேன், தொலைந்த 0.9 பாரில் மூன்றில் இரண்டு பங்கு அங்கேதான் போனது, ரெகுலேட்டரைவிட அவை மலிவும்கூட. கைப்பிடி கேஜை முதல் நாளே மாட்டுவேன். ரெகுலேட்டர் 3/8 இஞ்சு, 4 பார் ஸ்பிரிங் என்பதை மாற்ற மாட்டேன். நாசிலும் ஏர் கேப்பும் மாறினால் காற்றுத் தேவையும் மாறும், அளவை மறுபடி எடுக்க வேண்டும். குமிழின் பக்கத்தில் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: 1.4 நாசில், எனாமல், ட்ரிக்கர் இழுத்து 2.3.